மருந்துத் தொட்டியும் என் மதினியும்

போன மாதம் எங்கள் துறையில் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினார்கள். கேக் வெட்டினார்கள், பூச்செடி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். நான் இருந்தவரை என்னோடு மல்லுக்கட்டியவர்கள்தான் நான் இல்லாமல் துறை எப்படி நடக்குமோ என்று அதிகமாகக் கவலைப்பட்டார்கள். கடைசியில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எழுந்து, இத்தனை வருடத்தில் நீங்கள் கையாண்டதிலேயே சிரமமான கருவி எது என்று கேட்டாள். லேசர், வெற்றிடப் பம்ப் என்று ஏதாவது சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நான், "என் மதினி" என்றேன்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விளக்கம் கேட்டார்கள். மதினி என்றால் அண்ணன் மனைவி, ஆனால் அண்ணன் மனைவி மட்டும் அல்ல என்பதைச் சொல்லவே வெகுநேரம் ஆயிற்று. மீதியை எழுதித் தருகிறேன் என்று தப்பித்து வந்தேன். இப்போது இந்தப் பிள்ளைகள் அளவெடுக்கிற கருவியை ஏரிக்கரையில் நட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்கிறார்கள். அளவுகள் தானாகப் போனில் வந்து விழுகின்றன. யாரும் கிட்டே போவதில்லை, யாருடைய மதினியும் குறுக்கே வருவதில்லை. அவர்களுக்காக எழுத உட்கார்ந்தவன் தமிழில் எழுதிவிட்டேன். அவர்களால் படிக்க முடியாது என்பது ஒரு வகையில் வசதிதான்.

நான் பௌதிக வேதியியல்காரன். வேதியியல்காரர்கள் எங்களைப் பௌதிகத்துப் பக்கம் தள்ளுவார்கள், பௌதிகக்காரர்கள் வேதியியல் பக்கம் தள்ளுவார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்து, யாருமே பந்திக்குக் கூப்பிடாமல் நிற்பாரே ஒருவர், அந்த மாதிரி. அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்த்தார். பஞ்சு பறக்காத இடத்தில் வேலை பார் என்பது ஒன்றுதான் அவர் எனக்குச் சொன்ன புத்தி. படித்தேன், படித்து முடித்தேன், எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்துகிற டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனேன்.

அங்கேதான் ரீடிங் சமைப்பது என்ற கலையை முழுதாகப் பார்த்தேன். எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் செய்முறைத் தேர்வில் சோதனை செய்து விடைக்குப் போக மாட்டார்கள். விடையை முதலில் வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னால் நடந்து ரீடிங்குக்கு வருவார்கள். அதிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் புத்தகத்தில் உள்ள விடையை அப்படியே எழுத மாட்டார்கள், சந்தேகம் வராமல் இருக்கக் கொஞ்சம் தள்ளி எழுதுவார்கள். எங்கள் துறைத்தலைவர் நோட்டைப் பார்க்கவே மாட்டார். நேரே மேஜைக்குப் போய் பீக்கரைத் தொட்டுப் பார்ப்பார். "பீக்கர் காஞ்சு கெடக்கு, ரீடிங் மட்டும் எப்படிடா ஈரமா இருக்கு?" என்பார். திட்டவும் மாட்டார், மதிப்பெண்ணைக் குறைக்கவும் மாட்டார். அந்தக் கேள்வியோடு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார். பையன் அன்று முழுக்க வியர்த்துக்கொண்டிருப்பான்.

அந்தக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கு ஆஸ்திரேலியா போனேன். பட்டம் வாங்கியதையும், குளிரில் நடுங்கியதையும், ரசம் வைக்கப் புளிக்கு அலைந்ததையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன். தொண்ணூறுகள் பிறந்தபோது அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பட்டாசுத் தொழிற்சாலைக்காரன் மழையைப் பார்ப்பது போல ஒவ்வொரு வருடக் கடைசியிலும் துறை அலுவலகக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் டெஸ்மண்ட். அவ்வளவு பெரிய பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். எனக்கு நாக்கு வரவில்லை. முதல் வருடம் முழுக்க அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமல், எதிரில் போய் நின்று இருமியே காலத்தை ஓட்டினேன். அவர் நெட்டையான மனிதர். நடக்கும்போது கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும், கண்ணாடிச் சாமான் எதையும் தட்டிவிடக் கூடாதாம். நாம் எடுத்த அளவைக் காட்டினால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "மறுபடி" என்பார். மறுபடி எடுத்துக் காட்டினால், "மறுபடி." மூன்றாம் முறையும் அதே அளவு வந்தால் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விடுவார். அவரிடமிருந்து பாராட்டு என்று யாருக்கும் அதற்கு மேல் கிடைத்ததில்லை.

எங்கள் வேலை தண்ணீருக்கு ஆடை போர்த்துவது. மெழுகைச் சீவியது போல வெள்ளையாக ஒரு பொருள் இருக்கிறது. அதைத் தண்ணீர் மேல் தூவினால் ஒற்றை மூலக்கூறு கனத்தில் பரவி மூடிக்கொள்ளும். பாலாடை எல்லாம் அதற்கு முன்னால் கம்பளி. இந்த ஆடை இருந்தால் தண்ணீர் ஆவியாவது குறையும், மாடு குடித்தாலும் ஒன்றும் செய்யாது. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்தது. வெயில் கொளுத்துகிற ஊரில், வெட்டவெளியில் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. செய்தது என்று காட்டினால் எனக்கு நிரந்தரப் பதவி கிடைக்கும் என்று டெஸ்மண்ட் சொல்லியிருந்தார். காட்ட முடியாவிட்டால் அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடியும், விசாவும் முடியும். என் மனைவி விஜயா அங்கே ஒரு நூலகத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, எங்கள் இருவருடைய ஆங்கிலத்தையும் திருத்த ஆரம்பித்திருந்தாள். அவர்களை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருவதை நினைக்கவே நான் தயாராக இல்லை.

வெயிலான ஊர் ஒன்று வேண்டும், நமக்குத் தெரிந்த மனிதர்கள் இருந்தால் நல்லது என்று டெஸ்மண்ட் கேட்டபோது என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே செய்யலாம், என் அண்ணன் தோட்டம் இருக்கிறது என்றேன். தெரிந்த மனிதர்கள் என்பது ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஆபத்து என்று எங்கள் இருவருக்குமே அன்று தெரியாது.

தோட்டம் ராஜபாளையத்திலிருந்து சோழபுரம் போகிற வழியில் இருந்தது. தோட்டத்தை ஒட்டியே வீடு. அண்ணனும் மதினியும் அங்கே இருந்தார்கள். மதினி கல்யாணமாகி வந்தபோது நான் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் ஊருக்கு முன்னால் கொழுந்தனாரே என்பாள், அடுத்த மூச்சிலேயே நீ என்பாள். அவள் வாயில் விழாமல் அந்த வீட்டில் ஒரு வாய் காபி குடிக்க முடியாது. டெஸ்மண்ட் ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார். காலையில் அண்ணன் மோட்டார்சைக்கிளின் பின்னால், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருக்க, வந்து இறங்குவார்.

வட்டமான தகரத் தொட்டிகள் இரண்டு செய்து வைத்தோம். இரண்டிலும் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். ஒன்றில் எங்கள் வெள்ளைச் சீவல், இன்னொன்று வெறும் தண்ணீர். காக்காயும் நாயும் வாய் வைக்காமல் இருக்கக் கம்பி வலை மூடி. ஒவ்வொரு நாள் காலையிலும் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஒரு கொக்கி. தண்ணீருக்கு அடியிலிருந்து அதைத் திருகி மெல்ல மெல்ல மேலே கொண்டுவர வேண்டும். முனை மேற்பரப்பைத் தொடுகிறபோது தண்ணீர் அந்த இடத்தில் வேர்க்குரு போலச் சின்னதாக எழும்பும். அந்த நேரத்தில் நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். மூச்சு விட்டால்கூடக் கெட்டுப்போகும். டெஸ்மண்ட் குப்புறக் குனிந்து, மூச்சை அடக்கி, திருகுவார். வேலிக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்கிற சனமெல்லாம் சேர்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும்.

சாயங்காலம் இன்னொரு வேலை. ஆடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தண்ணீர் மேல் தூவி ஊதிப் பார்ப்பார். ஆடை இருந்தால் பவுடர் நகராது. முதல் நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மதினி, "பவுடர் எல்லாம் போட்டுவிட்டாரு, ஒரு பொட்டையும் வச்சுவிடச் சொல்லு கொழுந்தனாரே, நல்ல எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வருவாக" என்றாள். டெஸ்மண்ட் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். சோதனை முறையைப் பாராட்டுகிறார்கள் என்று சொன்னேன்.

இந்தச் சோதனை எதற்கு என்று அண்ணனுக்கும் மதினிக்கும் நான்தான் விளக்கிச் சொன்னேன். மருந்து போட்ட தொட்டியில் தண்ணீர் குறையாமல் இருந்தால் எனக்கு வேலை நிரந்தரமாகும், குறைந்தால் வேலை போய்விடும் என்றேன். இவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் நான் எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை.

முதல் வாரத்திலேயே அளவுகள் அள்ளிக்கொண்டு போயின. வெறும் தொட்டி பங்குனி வெயிலில் மளமளவென்று இறங்கியது. மருந்துத் தொட்டி இறங்கவே யோசித்தது. ஆய்வுக்கூடத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானதற்கே நாங்கள் துள்ளியிருக்கிறோம், இங்கே முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். டெஸ்மண்ட் "மறுபடி" என்றார். மறுநாளும் அதே. மறுபடி. அதற்கடுத்த நாளும் அதே. அவர் எழுந்து நின்றார், பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து என் தோளில் வைத்தார். சோழபுரத்துச் சாலையில் போன அத்தனை பேரையும் கூப்பிட்டு அதைக் காட்ட வேண்டும் போல இருந்தது எனக்கு. அன்று மத்தியானம் அண்ணன் கறி எடுத்துவந்தார். விஜயாவுக்கு போன் போட்டு, அங்கே ஒரு வீடு வாங்குவதைப் பற்றிப் பேசுவோமா என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

தொட்டிகளின் வெப்பநிலையைக் குறிப்பது என் பொறுப்பு. டெஸ்மண்ட் கொக்கியை விட்டு வேறு எதையும் நம்ப மாட்டார், அதனால் தெர்மாமீட்டர் எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் நான் வெப்பநிலையை எழுதிக்கொண்டு போனேனே தவிரப் பார்க்கவில்லை. கறிச்சோறு தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் கட்டிலில் சாய்ந்து, வீடு வாங்குகிற கணக்குக்கு நடுவே அதைப் புரட்டினேன். புரட்டியவன் எழுந்து உட்கார்ந்தேன்.

விஷயம் எளிது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி வெளியே போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஆவியாகப் போகாவிட்டால் சூடும் போகாது. எங்கள் மருந்து ஆவியாவதை முக்கால்வாசி நிறுத்தியிருந்தால் அந்தத் தொட்டி வெதுவெதுவென்று இருந்திருக்க வேண்டும், பக்கத்துத் தொட்டியைவிட நன்றாகவே சூடாக. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சூடு போயிருக்கிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை. அப்படி ஒரு காரியம் இந்த உலகத்தில் நடக்காது. போன தண்ணீருக்குப் பதில் வேறு தண்ணீர் உள்ளே வந்திருந்தால் ஒழிய.

என்னைப் பெரிய யோக்கியன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தத் தெர்மாமீட்டர் கெட்டுப்போயிருக்கலாமே என்று முதலில் ஆசைப்பட்டேன். இன்னொன்றை வைத்துப் பார்த்தேன், அதுவும் அதையேதான் சொன்னது. டெஸ்மண்ட் வெப்பநிலையைப் பார்க்கப் போவதில்லை, பேசாமல் இருந்துவிடலாம் என்றும் தோன்றியது. மகள் முகமும் விஜயா முகமும் மாறி மாறி வந்தன. ஆனால் நாங்கள் இதை வெளியிட்டால் உலகத்தில் வெயில் அடிக்கிற ஊர்களில் எல்லாம் இதைச் செய்து பார்ப்பார்கள். எங்கேயாவது ஓர் ஊரில், மதினி இல்லாமல் செய்து பார்ப்பார்கள். அன்றைக்கு என் மானம் கப்பலேறிவிடும்.

ஆமாம், மதினிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அடுக்களைக்குப் போனேன். ராத்திரிக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை.

"ஊத்துனேன். நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு கண்ணசருவீகல்ல, அப்ப."

"எதுக்கு மதினி?"

"நீதான சொன்ன, தண்ணி கொறைஞ்சா வேலை போயிரும்னு. கொறையுது, நான் பார்த்துக்கிட்டே இருக்கவா?"

முழுதாக நிரப்பாமல் ஏன் கொஞ்சம் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டேன். முழுதாக ஊற்றினால் துரைக்குச் சந்தேகம் வரும் என்று, தினமும் ஒரு செம்பு குறைத்துத்தான் ஊற்றினாளாம். எங்கள் கல்லூரிப் பையன்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள மூன்று வருடப் படிப்பு தேவைப்பட்டது. இவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே அதிகம் போனவள் இல்லை.

"கிணத்துத் தண்ணிதானே?" என்றேன்.

"அதெப்படி? ஒன் மருந்துக்கு உப்புத்தண்ணி சேருமோ சேராதோ. நல்ல தண்ணிதான் ஊத்துனேன்."

வடிதட்டைப் பிடித்தபடியே சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு, குளிக்கத் துவைக்கத்தான் ஆகும். நல்ல தண்ணீர் என்பது ரோட்டுக் குழாயில் வருவது. அந்தக் கோடையில் அது வருகிற நாளை யாராலும் சொல்ல முடியவில்லை. வந்தால் குடங்களை வரிசையில் போட்டு, வெயிலில் நின்று, அடுத்த வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை போட்டு, இடுப்பில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு தொட்டியில் ஒரு நாள் வெயிலுக்குப் போகிற தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு குடம். நானும் டெஸ்மண்டும் அறிவியலைப் பற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவள் ஒவ்வொரு குடமாக எனக்காகக் கவிழ்த்திருக்கிறாள்.

அதற்காக விட்டுவிட முடியுமா? டெஸ்மண்டிடம் போய் இருமினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வெப்பநிலையைக் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். எழுந்து, அந்த அம்மாவிடம் பேச வேண்டும் என்றார்.

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஏன் ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். மதினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனுக்கு அங்க வேலை போச்சுன்னா நேரா இங்க வந்து நிப்பான். வந்தா வீட்ல பாதியக் கேப்பான். அவன் அங்கனயே இருந்தாத்தான் எங்களுக்கு நிம்மதின்னு சொல்லு."

குடும்ப நலனுக்காகச் செய்தார்களாம் என்று மொழிபெயர்த்தேன். டெஸ்மண்ட் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு, ஊற்றிய அளவு தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுப் பழைய அளவுகளையே திருத்தலாமே, அதே குடத்தில் அதே போல ஒரு முறை ஊற்றிக் காட்டச் சொல் என்றார். சொன்னேன். மதினிக்கு வந்ததே கோபம்.

"இன்னொரு கொடம் நல்ல தண்ணிய இதுல கொட்டவா? நான் என் கொழுந்தனுக்கு ஊத்துனேன். இவிய கணக்குக்கு வேணும்னா கெணத்துல எறைச்சு ஊத்திக்கிடச் சொல்லு."

அதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். டெஸ்மண்ட் சிரித்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "மறுபடி."

தொட்டிகளைக் கவிழ்த்துக் கழுவி, முதலிலிருந்து தொடங்கினோம். மருந்துத் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட யாரும் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். சத்தியத்தை அச்சுப் பிசகாமல் காப்பாற்றினார்கள். மூன்றாம் நாள் காலை டெஸ்மண்ட் கொக்கியைத் திருகியவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மறுபடி திருகினார், மறுபடி வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் கிடையாது. வெறும் தண்ணீர்த் தொட்டியில் நீர்மட்டம் முந்தின நாளைவிட மேலே ஏறியிருந்தது.

இந்தத் தடவை அண்ணன். துரை பாவம், இம்புட்டுத் தூரம் வந்து முகம் வாடிக்கிடக்கிறார், உன்னுடைய தொட்டியில் ஊற்றக் கூடாது என்றுதான் சொன்னாய், அவர் தொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்றார். மோட்டார் குழாயையே இழுத்து விட்டிருக்கிறார். விருந்தாளிக்குச் செம்பு அளந்தா ஊற்றுவார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். டெஸ்மண்டிடம் இதை விளக்கியபோது அவர் வாயைத் திறப்பதற்குள் நானே "மறுபடி" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் முறை தோட்டமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பழைய துறைத்தலைவர் இன்னும் வேலையில் இருந்தார். அவரைப் போய்ப் பார்த்தோம். கோடை விடுமுறையில் காலியாக இருந்த கல்லூரியின் மொட்டை மாடியைக் கொடுத்தார். மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி டெஸ்மண்டின் சட்டைப் பையில். நடந்ததை எல்லாம் கேட்ட துறைத்தலைவர், டெஸ்மண்ட் முதுகைக் காட்டி நின்ற நேரத்தில், மருந்துத் தொட்டியின் வெளிப்புறத்தை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அங்கே யாரும் ஊற்றவில்லை. உண்மையான அளவுகள் வந்தன. காலையில் காற்று அடங்கியிருக்கும்வரை எங்கள் ஆடை தன் வேலையைப் பார்த்தது. மத்தியானம் மலைப்பக்கமிருந்து காற்று எழுந்ததும் மொத்த ஆடையையும் சுருட்டித் தொட்டியின் ஓர் ஓரத்தில் ஒதுக்கியது, அழுக்கு நுரை போல அங்கே கிடந்தது. மீதித் தண்ணீர் அம்மணமாக வெயிலில் காய்ந்தது. நாள் முழுதும் சேர்த்துப் பார்த்தால் மிச்சமானது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனி பிறந்து காற்று வலுக்க வலுக்க அந்தக் கொஞ்சமும் போயிற்று. எங்கள் ஊர்க் காற்றைப் பிடித்துக் கட்டிவைத்தால்தான் என் மருந்து வேலை செய்யும்.

பதவி முடிவு செய்யும் குழு கூடுகிறது என்று டெஸ்மண்ட் முன்னால் கிளம்பிப் போனார். மீதி அளவுகளை எடுத்து முடிக்க நான் இருந்தேன். முடிவு தெரிந்ததும் எங்கள் ரோட்டோரத்து எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். சொன்னபடி கூப்பிட்டார். பூத்துக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, நான் ஓடிப் போய் எடுத்தேன். குழுவிடம் எதையும் மறைக்கவில்லை, உன் மதினியைப் பற்றியும் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்றார். சிரித்துவிட்டு, வேலை செய்யாத மருந்துக்கு நிரந்தரப் பதவி எதற்கு என்று கேட்டார்களாம். பதவி இல்லை. ஒப்பந்தமும் அந்த வருடத்தோடு முடிகிறது. கட்டுரையை அப்படியே வெளியிடுவோம், உன் பெயர்தான் முதலில் என்றார். பிறகு கம்பியில் இரைச்சல் வந்தது. போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. உன் அளவுகள் சரியாக இருக்கின்றன என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து சரி என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதை வைத்துக்கொண்டு வாடகை கொடுக்க முடியாது.

எது வேலை செய்யாது என்று தைரியமாக எழுதியவன் எங்களுக்கு வேண்டும் என்று, அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வேறொரு ஊரில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம் பிற்பாடு என்னைக் கூப்பிட்டது. போன மாதம் எனக்குப் பூச்செடி கொடுத்தது அவர்கள்தான். ஆனால் அன்றைக்கு பூத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. விஜயாவிடம் எந்த வாயால் சொல்வது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மதினி அப்போதுதான் ரோட்டுக் குழாயிலிருந்து வந்திருந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"போச்சா?"

"போச்சு மதினி."

ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் வாய் பேசாமல் நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவெல்லாம் இல்லை, நின்ற இடத்திலேயே அழுதேன். இந்த வயசில் ஒரு ஆம்பிளை அழுகிறானே என்று அவள் சுற்றுமுற்றும் பார்க்கவும் இல்லை.

"அழாத. அன்னைக்கு துரைகிட்டச் சொன்னது வெளாட்டுக்கு. இதுல பாதி ஒனக்குத்தான், எவன் இல்லேங்கான்? அந்தத் தெக்கு அறைய வாடகைக்கு விடுவோம்னு ஒங்க அண்ணன் எம்புட்டோ சொல்லிப் பார்த்தாரு. நீ என்னைக்காச்சும் வந்தா எங்க படுப்பன்னு நான்தான் விடலை. விஜயாவையும் பிள்ளையவும் கூட்டிட்டு வந்துரு."

நான் தலையை ஆட்டினேன். அவள் செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலியான குடம் ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"ஆனா இப்பவே சொல்லிட்டேன். வந்தா, தண்ணி எடுக்கது நீதான்."